தங்கவயலில் ஓர் ஆட்டக்களம்: புதிய கேம் மாஸ்டர் கற்க வேண்டியவை

கோலார் தங்கவயலைத் திரை அண்மையில் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. 2018-இல் கன்னடத்தில் ‘கே.ஜி.எஃப்’, 2022-இல் அதன் இரண்டாம் பாகம், 2024-இல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’. மூன்றிலும் பார்வையாளர் அரங்கில் அமர்ந்து, வேறொருவர் முடிவு செய்த கதையைப் பார்த்துவிட்டு எழுந்து வருகிறார். அதே தங்கவயலை ஒரு மேசைக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? நான்கு பேர் சுரங்கத் தொழிலாளர்களாகப் பாத்திரமேற்று, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் ஏறிக் கீழே இறங்கி, ஆபத்து வரும்போது என்ன செய்வது என்று தாங்களே முடிவெடுத்தால்?

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வகை ஆட்டங்கள் தருவது இந்த வாய்ப்பைத்தான். அதை நடத்தித் தருபவர் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ள, மீதி உலகம் முழுவதும் இவர் பொறுப்பு. இடம், வானிலை, எதிரி, கடைக்காரர், வழிப்போக்கர் எல்லாம் இவர் குரலில்தான் வரும். எப்போது பகடை உருட்ட வேண்டும் என்று சொல்பவரும் இவரே. ஆட வருபவர்கள் எளிதில் கிடைப்பார்கள். நடத்த முன்வருபவர் கிடைப்பது அரிது. “விதி முழுக்கத் தெரியாதே, நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?” என்ற தயக்கம்தான் பலரையும் தடுக்கிறது. இந்த ஆட்டம் பிறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்குள் சேர்ந்திருக்கும் அனுபவ அறிவை ஒழுங்குபடுத்திப் பார்த்தால், அந்தத் தயக்கத்துக்கு நல்ல பதில்கள் இருக்கின்றன.

நடுவரிலிருந்து தொடங்கிய வேலை

கேம் மாஸ்டரின் மூதாதை ஒரு போர்ப் பயிற்சி நடுவர். பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் ‘கிரீக்ஸ்பீல்’ என்ற போர் ஆட்டத்தை வெளியிட்டார். வரைபடத்தின் மேல் இரு தரப்பும் படைகளை நகர்த்தும். யார் கண்ணுக்கு எது தெரியும், மோதலில் யார் வென்றார் என்று நடுவர் சொல்வார். அதன் விதிகள் பெருகிப் பெருகிச் சுமையாயின. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அவற்றில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். விதியா, நடுவர் தீர்ப்பா என்ற வாதம் இன்றைக்கும் கேம் மாஸ்டர்களிடையே தீரவில்லை.

அடுத்த திருப்பம் 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்தது. டேவிட் வெஸ்லி என்பவர் ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற கற்பனை நகரத்தில் ஒரு போர் ஆட்டம் ஏற்பாடு செய்தார். படைத்தலைவர்களோடு மேயர் போன்ற ஊர்க்காரர்களின் வேடங்களையும் பங்கிட்டுக் கொடுத்தார். போர் தொடங்கும் முன்பே ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேரம் பேசவும் சூழ்ச்சி செய்யவும் ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கெல்லாம் விதி இல்லை. வெஸ்லி அந்தந்த நேரத்தில் தோன்றியதைச் சொல்லிச் சமாளித்தார். ஆட்டம் கைமீறிப் போய்விட்டதாக அவர் எண்ணினார். ஆடியவர்களோ இன்னொரு முறை வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் அந்த முறையை வளர்த்தெடுத்தார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியிட்டார்கள். முதல் பதிப்பு 1,000 பிரதிகள்.

புதியவர்கள் மனதில் வைக்க வேண்டிய வரலாறு இது. திட்டம் சிதறிய இடத்தில்தான் இந்தக் கலையே பிறந்தது. ஆட்டக்காரர்கள் எதிர்பாராத பக்கம் திரும்பினால் அதற்காகப் பதற வேண்டியதில்லை.

தமிழருக்கு இந்த வேலை முற்றிலும் புதிதும் இல்லை. தங்கவயலுக்கு வேலை தேடிப் போன தமிழர்களில் பெரும்பாலோர் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரர்கள். புரிசை போன்ற ஊர்களில் தெருக்கூத்து இன்றும் உயிரோடிருக்கும் பகுதி அது. கூத்தில் கட்டியங்காரன் ஒருவன்தான் வேடக்காரர்களோடும் பேசுவான், பார்வையாளர்களோடும் பேசுவான். இடம் மாறியதை ஒரு வரியில் சொல்வான், காவலாளியாகவும் தூதனாகவும் மாறி நிற்பான், ஆட்டம் தொய்ந்தால் சட்டென்று ஒரு கேள்வி போட்டுத் தூக்கி நிறுத்துவான். கேம் மாஸ்டர் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுவே. நாயகன் வேடம் மட்டும் அவருக்கு இல்லை.

கதையை விட்டுச் சூழலைத் தயார் செய்யுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் காரியம், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கதையை எழுதிக்கொண்டு வருவது. இரண்டாவது காட்சியிலேயே ஆட்டக்காரர்கள் வேறு பாதையில் போவார்கள். கேம் மாஸ்டர் அவர்களை இழுத்துத் தன் பாதைக்குக் கொண்டுவருவார். அவர்களும் இரண்டு மணி நேரத்தில் சோர்ந்துவிடுவார்கள். இதற்கு மாற்றாக வின்சென்ட் பேக்கரின் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ என்ற ஆட்டம் 2010-இல் ஒரு தெளிவான வழியைக் காட்டியது: முடிவைத் தீர்மானிக்காமல், ஆடிப்பார்த்தே தெரிந்துகொள்வது. மைக் ஷியா 2018-இல் எழுதிய ‘ரிட்டர்ன் ஆஃப் தி லேஸி டன்ஜன் மாஸ்டர்’ இதே கருத்தை நேரமில்லாதவர்களுக்கு ஏற்றபடி சுருக்கித் தந்தது. வலுவான ஒரு தொடக்கக் காட்சி, சில இடங்கள், சில மனிதர்கள், வெளிவரக் காத்திருக்கும் இரகசியங்கள் ஆகியவை போதும் என்கிறது அந்தப் புத்தகம்.

தங்கவயலில் இதைப் பொருத்திப் பார்ப்போம். 1930-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் சுரங்கங்கள் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் இயங்குகின்றன. மேலாளர்கள் ஐரோப்பியர்கள், இடைநிலைப் பதவிகளில் ஆங்கிலோ இந்தியர்கள், பாறை உடைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித் மக்கள். 1902-இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்துவிட்டார்கள். தொழிலாளர்கள் வாழ்ந்தது தட்டியும் தகரமும் வைத்த லைன் வீடுகளில். மாரிக்குப்பத்தில் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் வழிவந்த பௌத்த சங்கம் வேரூன்றியிருக்கிறது; சாம்பியன் ரீஃப்பில் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய எழுத்துகளைப் பதிப்பிக்கிறது. தங்கத் திருட்டைத் தடுக்கக் கடுமையான சோதனைகள். அந்த ஆண்டு நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிய முற்பட்டபோது, குற்றவாளிகளைப் போல் நடத்துவதா என்று கொதித்தெழுந்து வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இத்தனையும் கிடைத்த பிறகு கதை எழுதவே தேவையில்லை. கேம் மாஸ்டர் ஒரு தாளில் மூன்று கற்பனை மனிதர்களையும் அவர்களின் விருப்பங்களையும் எழுதினால் போதும். ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்த மேஸ்திரிக்கு, தன் ஆட்கள் கைரேகை வைத்துவிட்டால் நிர்வாகத்திடம் நல்ல பெயர். சங்கத்தில் படிக்கச் சொல்லித்தரும் இளைஞருக்கு, ஒருவரும் வைக்கக் கூடாது. ராபர்ட்சன்பேட்டை அடகுக் கடைக்காரருக்கு, இந்தக் கலவரத்தில் தன் கணக்குப் புத்தகத்தை யாரும் புரட்டிப் பார்க்கக் கூடாது. இதற்கடியில் வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் ஆபத்தை வையுங்கள்: கீழே ஒரு மட்டத்தில் பாறை நெரிபடும் ஓசை நாளுக்கு நாள் கூடுகிறது. ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் போனாலும் அங்கே ஏதோ ஒன்று காத்திருக்கும்.

வரைபடத்துக்கு இரண்டு வாசல்

இந்த ஆட்டங்களின் பழமையான களம் பூமிக்கடியிலுள்ள நிலவறை. அறைக்குப் பின் அறையாக ஒரே வரிசையில் போகும் நிலவறையில் ஆட்டக்காரர்களுக்குத் தேர்வே கிடையாது. ஜெனல் ஜேக்குவேஸ் 1979-இல் உருவாக்கிய ‘கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா’ இதை மாற்றியது. பல வாசல்கள், மட்டங்களை இணைக்கும் பல ஏணிகள், சுற்றிவந்து சேரும் பாதைகள் என்று அது அமைந்திருந்தது. எங்கே போவது என்பதையே ஒரு முடிவாக்கியதால், அது இன்றும் வடிவமைப்புக்குப் பாடமாக நிற்கிறது.

தங்கவயல் சுரங்கம் தன் இயல்பிலேயே அப்படிப்பட்டது. செங்குத்தாக இறங்கும் ஷாஃப்டுகள் பல; ஒவ்வொன்றிலிருந்தும் மட்டம் மட்டமாகக் கிளைக்கும் பாதைகள்; கைவிடப்பட்ட பழைய வெட்டுகள். சாம்பியன் ரீஃப் பிற்காலத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். மேலே இருக்கும் பாறையின் பாரம் தாங்காமல் சுவர் திடீரென வெடித்துச் சிதறும். ‘ராக் பர்ஸ்ட்’ என்று சுரங்கக்காரர்கள் அஞ்சியது இதையே. அதிர்ச்சி மேலே வீடுகளையும் குலுக்கும். பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988-இல் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இந்த நீண்ட அனுபவம் உண்டு. பூதமும் டிராகனும் இல்லாமலே இந்த நிலவறையில் அச்சம் இருக்கிறது. வெப்பம், இருட்டு, தண்ணீர், நேரம் ஆகிய நான்கையும் கணக்கில் வைத்துக்கொண்டாலே ஆட்டம் சூடுபிடிக்கும்.

வேறு வகைக் கதை வேண்டுமென்றால் 1965-க்கு வாருங்கள். சாம்பியன் ரீஃப்பின் ஹீத்கோட் ஷாஃப்டில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகள் காற்றுமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பதிவு செய்தார்கள். உலகில் முதன்முதலாக அதைக் கண்ட குழுக்களில் அது ஒன்று. தங்கம் வெட்டுபவரும் துகள் தேடுபவரும் ஒரே கேஜில் இறங்கும் ஆட்டத்தை இந்தியாவில் வேறெந்த ஊருக்கும் எழுத முடியாது.

பகடை எப்போது?

பகடையை எடுக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது தவறிப்போக வாய்ப்பு உண்டா? தவறினால் நிலைமை ஏதாவது மாறுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் உருட்டலாம். இல்லையென்றால் நடந்ததைச் சொல்லிவிட்டு மேலே போக வேண்டியதுதான்.

கணக்குத் தெரிந்திருப்பது உதவும். இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று சொன்னால், வெற்றி வாய்ப்பு 30 சதவீதம். மர்மத்தை அவிழ்க்கும் ஒரே துப்பை அந்தப் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைத்தால், பத்தில் ஏழு முறை ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். இதற்கான மருந்தாக ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008-இல் முன்வைத்ததுதான் மூன்று துப்பு விதி. ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகள் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் பாதி வாய்ப்பில் கிடைத்தாலும், ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 87.5 சதவீதம். தங்கம் கலந்த கல்லை வெளியே கடத்துபவர் யார் என்பது மர்மம் என்றால், உடை மாற்றும் அறையில் கிடக்கும் தையல் பிரிந்த ஒரு செருப்பு, அடகுக் கடைக் கணக்கில் ஒரே கையெழுத்தில் வரும் வெவ்வேறு பெயர்கள், ஊரில் திடீரென்று நிலம் வாங்கியவரைப் பற்றிய பேச்சு என்று மூன்றை விதைக்கலாம். ராபின் லாஸின் ‘கம்ஷூ’ முறை இன்னும் ஒருபடி மேலே போகிறது. தேடினால் முக்கியத் துப்பு கட்டாயம் கிடைக்கும்; அதை வைத்து என்ன செய்வது என்பதே ஆட்டம்.

தோல்வி என்பது கதவு சாத்திக்கொள்வதாக இருக்கக் கூடாது. ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டச் சொல்கிறது. 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி; 7 முதல் 9 வரை என்றால் வெற்றிதான், ஆனால் ஒரு விலை உண்டு; 6 அல்லது அதற்குக் கீழே என்றால் கேம் மாஸ்டர் நிலைமையை இறுக்குவார். கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாவிட்டால் நடு வரிசை விழும் வாய்ப்பு 36-இல் 15. விலையோடு கிடைக்கும் வெற்றிகள்தான் கதையை நகர்த்துகின்றன.

மேசையில் அது எப்படி ஒலிக்கும்? ஒரு துண்டு:

“கேஜ் குலுங்கி நிக்குது. விளக்கு அணைஞ்சிருச்சு. மேலேயிருந்து மணிச் சத்தம் வரலை. என்ன பண்றீங்க?”

“நான் மணிக் கயித்த இழுக்கிறேன்.”

“இழுக்கிறீங்க. கயிறு கையோட வருது. பக்கத்துல இருக்கிற பையன் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அண்ணே, பாறை பேசுதுண்ணே’ங்கிறான்.”

“மேஸ்திரி என்ன சொல்றாரு?”

“அவரு ஒண்ணும் சொல்லலை. கேஜ் கம்பியைப் பார்த்துக்கிட்டே இருக்கார். அடுத்த மட்டத்து வாசல் ரெண்டாள் உயரத்துக்குக் கீழே தெரியுது. குதிக்கிறதா, காத்திருக்கிறதா?”

கவனிக்க வேண்டியவை: ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் வர்ணனை இல்லை. ஒவ்வொரு பதிலும் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. ஒவ்வொன்றும் ஆட்டக்காரர் கையில் முடிவைக் கொடுத்து முடிகிறது. இதுவரை பகடை உருளவே இல்லை. குதிக்கிறேன் என்று யாராவது சொல்லும்போதுதான் உருள வேண்டும்.

பகடையில் விழுந்ததை மறைத்து மாற்றிச் சொல்லலாமா என்பது பழைய சர்ச்சை. கைகாக்ஸ் 1979-இல் எழுதிய வழிகாட்டி நூல் தேவைப்பட்டால் அப்படிச் செய்யும் உரிமையை நடத்துபவருக்குக் கொடுத்தது. இன்று எழுதுபவர்களில் பலர் வேண்டாம் என்கிறார்கள். இரண்டாவது தரப்பே சரி. ஏற்க முடியாத முடிவு வரக்கூடிய இடத்தில் உருட்டாமல் இருக்கலாம். உருட்டிய பின் மாற்றினால் ஆட்டக்காரரின் முடிவுக்கு மதிப்பில்லாமல் போகும். விதி மறந்துபோனால் ஒரு நிமிடத்துக்குள் நியாயமான தீர்ப்பைச் சொல்லிவிட்டு, ஆட்டம் முடிந்தபின் புத்தகத்தைப் பார்த்து அடுத்த முறைக்குத் திருத்திக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் ஒரு முறை

ராபின் லாஸ் 2002-இல் எழுதிய சிறு கையேடு ஆட்டக்காரர்களை வகை பிரித்தது. சண்டைக்கு வருபவர், திட்டமிட வருபவர், பாத்திரமாகவே மாறிவிடுபவர், நண்பர்களோடு சும்மா உட்கார வருபவர் என்று பலர். யாருக்கு எது பிடிக்கும் என்று முன்கூட்டியே கேட்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொருவருக்கும் ஒரு தருணமாவது அமையும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பேசாமல் இருப்பவரை அவருடைய பாத்திரப் பெயர் சொல்லி அழைத்து நேரடியாகக் கேளுங்கள். “நீங்க ஏதாவது செய்றீங்களா?” என்றால் தலையாட்டிவிட்டு இருந்துவிடுவார். “பையன் உங்க பின்னாடி ஒளிஞ்சுக்கிறான், அவன்கிட்ட என்ன சொல்றீங்க?” என்றால் பதில் வந்துவிடும்.

மொழியும் இதில் சேரும். தங்கவயல் தமிழில் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் இயல்பாகக் கலந்திருக்கும். தொழிலாளி மேஸ்திரியிடம் பேசுவது வேறு, துரையிடம் பேசுவது வேறு, லைன் வீட்டுத் திண்ணையில் பேசுவது வேறு. இந்த வேறுபாட்டைக் குரலில் கொண்டுவந்தால் போதும். நடிப்புத் திறமை வேண்டியதில்லை.

நினைவுகள் உள்ள இடம்

தங்கவயல் கற்பனை ஊர் இல்லை. சுரங்க விபத்துகளிலும் பாறைத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோயிலும் உறவுகளை இழந்த குடும்பங்கள் அங்கே இன்றும் வாழ்கின்றன. 2001 பிப்ரவரி 28-இல், சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியற்காலை ரயிலேறி வேலைக்குப் போய்வரும் தலைமுறை ஒன்று அங்கே வளர்ந்திருக்கிறது. மேசையில் அமர்பவர் அந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆகவே ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கிப் பேசுவது கட்டாயம். எது வரவே கூடாது, எது வந்தாலும் விவரிக்காமல் கடந்துபோக வேண்டும் என்று இரு வகையாகக் குறித்துக்கொள்ளும் முறையை ரான் எட்வர்ட்ஸ் 2000-களின் தொடக்கத்தில் முன்வைத்தார். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸின் ‘எக்ஸ் கார்டு’ இன்னும் எளியது. மேசை நடுவில் எக்ஸ் குறியிட்ட ஓர் அட்டை. யாராவது அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். தங்கவயல் ஆட்டத்தில் சாதி இழிவுச் சொல்லை வேடத்துக்காகக்கூட உச்சரிக்காமல் இருப்பது நல்ல முதல் விதி. கொடுமையைக் காட்டலாம், அதை மேசையில் இருப்பவர் மேல் மறுபடி நிகழ்த்தக் கூடாது.

இந்தப் பொறுப்போடு தென்னாசியக் களங்களை எழுதியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தங்கவயலுக்கு அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் இயங்கும் சாந்தி பவன் பள்ளியின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் அஜித் ஜார்ஜ். அவர் 2021-இல் ‘வான் ரிக்டன்ஸ் கைடு டு ரேவன்லாஃப்ட்’ நூலுக்காக இந்தியச் சாயல் கொண்ட ‘காலகேரி’ என்ற களத்தை உருவாக்கினார். 2022-இல் வெளிவந்த ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்’ தொகுப்பின் பின்னணியிலும் அவர் இருந்தார். அத்தொகுப்பில் கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மண்டல், வங்கத்தை நினைவூட்டும் நிலத்தில் ஒரு சாகசத்தை எழுதியிருக்கிறார். தமிழ் நிலத்துக்கும் இது முடியும்.

தொடங்குவதற்கு எவ்வளவு வேண்டும்?

மிகக் குறைவு. நான்கு பேர், மூன்று மணி நேரம், ஒரே அமர்வில் முடியும் ஓர் ஆட்டம். நெடுங்கதை பிறகு வரட்டும். விதிகளுக்காகப் பணம் செலவழிக்கவும் வேண்டாம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் அதைத் தமிழில் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம்.

களத்துக்கான செய்திகள் தங்கவயலில் இன்னும் மனிதர்களிடமே இருக்கின்றன. சுரங்கம் மூடப்பட்டபோது இருபத்தைந்து வயதில் இருந்தவர்கள் இப்போதுதான் ஐம்பதைத் தொட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மூத்தவர்கள் வேகமாகக் குறைந்துவருகிறார்கள். கேஜில் எத்தனை பேர் நிற்பார்கள், எத்தனை மணி அடித்தால் என்ன பொருள், பாறை நெரிபடும்போது காதில் எப்படிக் கேட்கும் என்பதையெல்லாம் சொல்ல அவர்களால் முடியும். முதல் ஆட்டத்தை நடத்த நினைக்கும் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை இளைஞர்கள் விதிப் புத்தகத்தைத் திறக்கும் முன் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சொன்னவர்களையும் ஒரு நாள் அந்த மேசைக்கு அழைக்க வேண்டும்.